பூவிருந்த பாதி

இருபத்திரண்டு வருஷ வக்கீல் தொழிலில் எத்தனையோ குடும்பங்களை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். வீட்டைப் பிரித்திருக்கிறேன், தென்னந்தோப்பைப் பிரித்திருக்கிறேன், முகம் பார்த்துப் பேசாத அண்ணன் தம்பிக்காக ஒரே கிணற்றில் இரண்டு கப்பி போட வைத்திருக்கிறேன். அதனால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. என் கத்தி பட்டுச் சாகக் கிடந்தது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பீஸ் லில்லிச் செடி.

வஞ்சியூர் கோர்ட்டுக்குப் பின்தெருவில், மாடியில் எங்கள் ஆபீஸ். 'எங்கள்' என்றே கை எழுதுகிறது. நானும் என் சிநேகிதியும் சேர்ந்து திறந்த ஆபீஸ் அது. லா காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவள் வலியசாலை அக்ரஹாரத்துக்காரி. நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து பழவங்காடிப் பக்கம் ஊன்றிக்கொண்ட குடும்பம். கோர்ட்டில் மலையாளம், கேஸ் கட்டில் இங்கிலீஷ், எங்களுக்குள் தமிழ். கட்சிக்காரர்களுக்குப் புரியாது என்று நினைத்துத் தமிழில் அவர்களைப் பற்றியே பேசுவோம். பாதிப் பேருக்குப் புரியும் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அவள் சமாதானம் பேசுவாள், நான் சண்டை போடுவேன். பதினாறு வருஷம் அப்படித்தான் ஆபீஸ் நடந்தது. அவளுடைய மெதுவான குரலைக் கேட்டுவிட்டு எதிர்க்கட்சி இறங்கி வரும், வராவிட்டால் பின்னால் நான் நிற்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை நான் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆபீஸ் திறந்த வாரம் ஒரு பூக்கண்காட்சியில் அந்தச் செடியை வாங்கினோம். அப்போது கைக்குள் அடங்கும். கரும்பச்சையில் நீள இலை, நடுவில் ஒரு காம்பு, அதன் உச்சியில் குவித்த கை போல வெள்ளையாக ஒரு பூ. கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில், ஜன்னலை ஒட்டி வைத்தோம். அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர்களுக்குக் கணக்கில்லை. பதினாறு வருஷத்தில் அது தொட்டியை அடைத்துக்கொண்டு பெரிய புதராகிவிட்டது. கட்சிக்காரர்கள் குடித்து மீந்த தண்ணீரை அதில் ஊற்றிவிட்டு, செடியை வளர்த்தது நான்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன்.

நாங்கள் பிரிந்ததற்குக் காரணம் நான். இதைச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

ஒரு அக்காவும் தம்பியும் பூர்வீக வீட்டுக்காக வழக்கில் இருந்தார்கள். அக்கா எங்கள் கட்சி. தனியாக இருப்பவர், அறுபது தாண்டியவர். என் சிநேகிதி அந்தக் கேஸை எட்டு மாதம் பொறுமையாகப் பேசிப் பேசி, இரண்டு பேரையும் ஒரு நாள் ஆபீஸில் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டாள். சமாதானப் பத்திரத்தின் நகல் மேசையில் இருந்தது. நான் கோர்ட்டில் ஒரு கேஸ் தோற்றுவிட்டு எரிச்சலோடு படியேறி வந்தேன். நகலை எடுத்து நின்றபடியே படித்தேன். அளவில் தம்பிக்குத்தான் அதிகம் போயிருந்தது. இதை யார் எழுதியது, மூன்றாம் வருஷம் சட்டம் படிக்கிற பிள்ளைகூட இப்படி எழுதாது, இவ்வளவு இறங்கிப் போவதற்கு நாம் எதற்குக் கறுப்புக் கோட்டுப் போட்டிருக்கிறோம் என்று, அந்த இரண்டு பேர் முன்னாலும் கேட்டேன். மலையாளத்தில் கேட்டேன். அதுதான் அதில் மோசம்.

அவள் ஃபைலை மூடி நாடாவைக் கட்டினாள். தம்பி எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம், நெடுமங்காட்டில் ஒரு அறை பார்த்திருப்பதாகவும், இனி அங்கே உள்ள கோர்ட்டில் தனியாக இருந்துகொள்வதாகவும் சொன்னாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உன் இஷ்டம் என்று சொன்னேன்.

கோடை விடுமுறைக்குக் கோர்ட் மூடியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸைப் பிரித்தோம். சண்டை ஒன்றும் இல்லை. அவள் எதையும் கேட்காததால் எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. புத்தகங்களை நீயே வைத்துக்கொள் என்றாள், அலமாரி அங்கே நுழையாது என்றாள். கடைசியில் செடி மட்டும் மிச்சம். அது இங்கேயே இருந்து பழகினது, இங்கேயே இருக்கட்டும் என்றாள். எனக்கு வீம்பு வந்துவிட்டது.

"பங்குன்னா பங்கு. எனக்கு ஒண்ணும் இனாமா வேண்டாம், பாத்துக்கோ."

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள்.

பாகம் பிரிக்கும்போது நாங்கள் கட்சிக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழி ஒன்று உண்டு. ஒருவர் பங்கு போட வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். எடுக்கப்போவது எதிராளி என்று தெரிந்தால், பங்கு போடுகிறவர் தானாகவே நியாயமாகப் போடுவார். எத்தனையோ சண்டைகளை இந்த ஒரு வழியால் தீர்த்திருக்கிறோம். நான் வெட்டுகிறேன், நீ எடு என்றேன்.

தொட்டிக்குள் வேர் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்ததால் தொட்டியைச் சுத்தியலால் உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. மண்ணை உதறியதும் செடி எங்கே பிரிய விரும்புகிறது என்று கண்ணுக்கே தெரிந்தது. ஒரு பக்கம் பெரிய குத்து, மறு பக்கம் சின்னச் சின்னதாக மூன்று. கையால் மெதுவாக இழுத்தாலே வந்திருக்கும். ஆனால் அப்படிப் பிரித்தால் ஒன்று முக்கால், மற்றது கால். என் வக்கீல் புத்தி அதற்கு ஒப்பவில்லை. இலைகளை எண்ணினேன். அறுபத்திரண்டு. ஆளுக்கு முப்பத்தொன்று வருகிற மாதிரி நடுக்குத்தில் கோடு பார்த்து, கட்டுக் கயிறு அறுக்க வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பலாச்சக்கை வெட்டும் கத்தியை வைத்து அழுத்தினேன். மொறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு பாதிக்கும் ஓர் இலை வித்தியாசம் கிடையாது. பூ ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை வெட்ட முடியாதே, அது ஒரு பக்கத்தோடு போயிற்று.

தொட்டிக்கு அடியில் போடக் கரித்துண்டு எடுக்கப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தபோது அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள். பூவிருந்த பாதியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்திருந்தாள்.

"எனக்கு இது மதி."

இது போதும் என்பதை அவள் எப்போதும் அப்படி மலையாளத்தில்தான் சொல்லுவாள். எனக்குச் சுருக்கென்றது. பதினாறு வருஷத்தில் நல்லதை முதலில் கைநீட்டி எடுத்தவள் இல்லை அவள். காண்டீனில் வடை வந்தால்கூட முறிந்ததைத்தான் எடுப்பாள். கடைசி நாளில் பூவைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டதா? எடுத்துக்கொள் என்றேன். அவள் செடியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். அந்தப் பூவை நினைத்து நான் மாதக்கணக்கில் பொருமினேன். சின்னத்தனம்தான், ஆனால் பொருமினேன்.

என் பாதியை ஒரு பெரிய பீங்கான் தொட்டியில் வைத்தேன். பாதியான செடி பாதியாகத் தெரியக் கூடாது என்று பழைய தொட்டியைவிடப் பெரியதாக வாங்கியிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வந்து கதவைத் திறந்தால், இலைகள் எல்லாம் தொட்டி விளிம்பில் தலை சாய்த்துக் கிடக்கின்றன. தண்ணீர் ஊற்றினேன். மதியமும் ஊற்றினேன், சாயங்காலமும் ஊற்றினேன். எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் போதவில்லை போல என்று வெயில் விழுகிற பால்கனிக்கு இழுத்துப் போட்டேன். சித்திரை வெயில் இரண்டே நாளில் இலை ஓரங்களைப் பொரித்துவிட்டது. மறுபடி உள்ளே இழுத்தேன்.

அப்புறம் செய்ததுதான் பெரிய காரியம். எங்கள் வீடுகளில் பிரசவமோ ஆபரேஷனோ ஆகி எழுந்தவர்களை நிம்மதியாகப் படுக்க விடமாட்டோம். லேகியம், பால், நல்லெண்ணெய் மிதக்கும் கஷாயம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் ஏதாவது உள்ளே போய்க்கொண்டே இருக்கும். உடம்பு தேற வேண்டும் என்றால் உள்ளே தள்ள வேண்டும், எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். கடலைப் பிண்ணாக்கை வாளியில் நாலு நாள் ஊறப்போட்டுப் புளிக்க வைத்து, அந்தக் கரைசலை இரண்டு சொம்பு ஊற்றினேன். நாற்றம் தாங்காமல் கீழ்க்கடை ஸ்டாம்ப் வெண்டர் மேலே ஏறி வந்து, இங்கே ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

இன்னும் சாகவில்லை, ஆனால் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின. தண்டு அடியில் விரல் வைத்தால் கொழகொழத்தது. வெறும் ஆபீஸில் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஃபோனில் முதல் நம்பர் அவளுடையது. ஒரு வார்த்தை கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருப்பாள், ஏனென்றால் பதினாறு வருஷம் அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டது அவள்தான். வாடின இலையை எடுப்பதும், ஈரத்துணியால் தூசி துடைப்பதும், நான் ஊற்றிய மிச்சத் தண்ணீரை அடித்தட்டிலிருந்து கவிழ்ப்பதும் அவள். நான் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். இந்தச் செடி செத்தால் அவளோடு பேச எனக்கு ஒரு சாக்கும் மிச்சம் இருக்காது என்று அப்போது தோன்றியது. பயமாக இருந்தது. எதிர் வக்கீல் எழுந்து நிற்கும்போதுகூட எனக்கு இப்படிப் பயம் வந்ததில்லை. ஆனாலும் ஃபோனை எடுக்கவில்லை.

பெரிய கேஸ் இருந்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போவது என் வழக்கம். அந்தச் சனிக்கிழமை கேஸ் இல்லாமலே போய் ஒன்று உடைத்தேன். என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. வெளியே வந்தால் கொஞ்சம் தள்ளி ஒரு பெட்டி ஆட்டோ நிறையச் செடிகளோடு நிற்கிறது. விற்கிறவள் என் வயதுக்காரி, தென்காசிப் பக்கத்துப் பேச்சு. என் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் ஒரு குரோட்டன்ஸைத் தூக்கி வேறொருவரிடம் கொடுத்துக்கொண்டே, வாயால் சொல்வதை வைத்து வைத்தியம் பார்க்க முடியாது, செடியைக் கொண்டு வாருங்கள் என்றாள். வஞ்சியூருக்கு ஓடி, செடியைத் தொட்டியோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அரைமணி நேரத்தில் திரும்பினேன். பிண்ணாக்கு வாசனையில் ஆட்டோக்காரர் வழியெல்லாம் தலையை வெளியே நீட்டியபடியே ஓட்டினார்.

அவள் முகர்ந்து பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"இதுக்குப் பசிக்கலக்கா. காயம்பட்டுக் கெடக்கு. காயத்தோட கெடக்கவ வாயில பிண்ணாக்கத் திணிச்சா அவ என்ன செய்வா?"

நான் விடுவேனா? எத்தனை வருஷமாகச் செடி விற்கிறாய், இதே செடியை இப்படிப் பிரித்துப் பார்த்திருக்கிறாயா, தண்ணீர் இல்லாமல் எப்படி எழும் என்று கூண்டில் நிற்பவளைக் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் ஒன்றுக்கும் கோபப்படவில்லை. கேள்வி முடிகிறவரை காத்திருந்துவிட்டு, வேர் அறுந்து போயிருக்கிறது, இருக்கிற வேர் இத்தனை இலைக்குத் தண்ணீர் ஏற்ற முடியாமல் திணறுகிறது, நீங்கள் ஊற்றுவதெல்லாம் அந்தப் பெரிய தொட்டிக்குள் தேங்கி வேரை அழுகவைக்கிறது என்றாள். செடியை வெளியே எடுத்து வேரைக் கழுவினாள். கறுத்துக் குழைந்ததை எல்லாம் பிளேடால் நறுக்கினாள். வெள்ளையாக, திடமாகக் கொஞ்சம் மிஞ்சியது. வெட்டு வாயை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பொழைச்சுக்கிடும். வேரு பூரா இந்தப் பக்கந்தான் வந்திருக்கு. அந்தப் பாதி யாருட்ட இருக்கு? அதுல வேரே இருந்திருக்காதே."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பூவுக்கு ஆசைப்பட்டாய் அல்லவா, அனுபவி என்று நினைத்தேன். அடுத்த நொடியே அது போயிற்று. என் பாதியே இந்தக் கதியென்றால் அவளுடையது என்ன ஆகியிருக்கும்?

அன்றைக்கே அவளுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். நலமா என்று கேட்க வாய் வரவில்லை, அதனால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதினேன். செடியை உடனே சின்னத் தொட்டிக்கு மாற்றவும். மண்ணோடு பாதி சகிரிச்சோறு, அதுதான் தேங்காய் நார்த்தூள், கலக்கவும். முதிர்ந்த இலைகளையும் பூவையும் வெட்டிவிடவும். வெயிலில் வைக்க வேண்டாம், உரம் இரண்டு மாதத்துக்குக் கூடவே கூடாது. இப்படி எட்டுப் பத்தி. இரண்டு நீலக் கோடு உடனே விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. 'நோட்டட்.' அவ்வளவுதான். கோர்ட்டில் ஜட்ஜிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும்போது நாங்கள் சொல்லும் வார்த்தை அது.

செடிக்காரி சொன்னபடியே செய்தேன். பழைய தொட்டியைவிடச் சின்னதாக ஒரு மண்தொட்டி. முப்பத்தொரு இலையில் அழுகியது போக மிஞ்சியது பத்தொன்பது. அதிலும் பன்னிரண்டை வெட்டச் சொல்லியிருந்தாள். நியாயமாகக் கிடைத்த பங்கை என் கையாலேயே வெட்டிக் குப்பையில் போட வேண்டும். கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினேன். ஏழு இலை நின்றது, அதுவும் தொங்கிக்கொண்டு. தெளிவான பிளாஸ்டிக் கவரைக் குச்சி நட்டு மேலே கவிழ்த்தேன், காற்றில் ஈரம் இருந்தால் இலை வாடாதாம். தினமும் ஒரு வேளை அதைத் தூக்கிக் காற்றாட விட வேண்டும். விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மற்றபடி ஒன்றும் செய்யக் கூடாது.

ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கு வராத வித்தை. முதல் வாரம் கையைக் கட்டிக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். கோர்ட் திறக்க இன்னும் நாள் இருந்தது. கண் போன இடத்தில் அந்த அக்கா தம்பி ஃபைல் இருந்தது. சிநேகிதி கட்டிய நாடா கட்டியபடியே. வேறு வேலை இல்லாததால் அவிழ்த்து, இந்த முறை உட்கார்ந்து படித்தேன்.

அளவில் தம்பிக்கு அதிகம் போயிருந்தது உண்மைதான். ஆனால் அதிகமாகப் போனது மேட்டுப் பக்கம், சுவர் விழுந்த பழைய களஞ்சியம். அக்காவுக்கு வந்தது கிணறு, அடுக்களை, ரோட்டுக்குப் போகிற வழி, வருஷம் முழுக்கக் காய்க்கும் இரண்டு தென்னை. முழங்கால் மடக்க முடியாத அந்த அம்மாள் ஒரு படிகூட ஏறாமல் இருக்கலாம். வீடு தானாக எங்கே பிரியுமோ அங்கேதான் கோடு போட்டிருந்தாள். நான் போட்டிருந்தால் சரிபாதியாக, அடுக்களை நடுவில் போட்டிருப்பேன். எட்டு மாதம் அவள் அந்த வீட்டுக்கு எத்தனை தடவை போனாள் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்து அழாத ஒரே ஆள் நான் என்று அதுவரை பெருமை பேசியிருக்கிறேன்.

இரண்டு பேரையும் மறுபடி கூட்டிவர மூன்று வாரம் ஆயிற்று. தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு கமாவைக்கூட மாற்றாமல் அதே பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்துப் போட்டு முடித்ததும் அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டு, அந்த இன்னொரு வக்கீல் எங்கே என்று கேட்டார். நெடுமங்காட்டில் இருக்கிறார் என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தது. ஏழு இலையில் இரண்டு போயிற்று. ஐந்து நின்றது, ஆனால் நிமிர்ந்து நின்றது. கவரை எடுத்துவிட்டேன். ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை, விரலை மண்ணில் விடக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நடுவில், பழைய வெட்டுக்குப் பக்கத்தில், ஊசி மாதிரி சுருண்டு ஒரு இளம்பச்சை. அன்று கோர்ட்டில் எல்லாரிடமும் சிரித்துப் பேசினேனாம், எதிர் வக்கீல் சந்தேகப்பட்டு இரண்டு முறை ஃபைலைப் புரட்டினார். ஆகஸ்டுக்குள் புது இலை நாலு, பக்கத்தில் குட்டியாக ஒரு முளையும்.

எனக்கு நெடுமங்காடு கோர்ட்டில் கேஸ் எதுவும் கிடையாது. ஒன்றை உண்டாக்கினேன். தெரிந்த ஒருவருடைய சின்ன வாடகை வழக்குக்கு நானே போய் வக்காலத்து வாங்கிக்கொண்டேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். ஆடி மாசத்துக் கர்க்கடக மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு நாள், கோட்டை மடித்துப் பையில் வைத்து, செடியை மடியில் வைத்துக்கொண்டு தம்பானூரில் பஸ் ஏறினேன். கிடைத்தது பொன்முடி போகிற பஸ். குடையும் கேமராவுமாக ஒரு இளம் ஜோடி பக்கத்தில் உட்கார்ந்தது. செடியையும் மலைக்குக் கூட்டிப் போகிறீர்களா என்று அந்தப் பெண் மலையாளத்தில் கேட்டாள். இல்லை, பாதி வழியில் ஒரு வக்கீலிடம் காட்டப் போகிறேன் என்றேன். அப்புறம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வழியெல்லாம் பேச வேண்டியதை மனதுக்குள் வாதம் மாதிரி அடுக்கிக்கொண்டு போனேன்.

அவள் ஆபீஸ் ஒரு ஃபோட்டோஸ்டாட் கடைக்கு மேலே. சின்ன அறை, சுத்தமான மேசை. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். செடியைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலில் ஒரு தொட்டி இருந்தது. காலியாக, கழுவித் துடைத்து வைத்திருந்தது.

நான் அடுக்கி வந்ததெல்லாம் மறந்து போயிற்று.

"உன் பாதி எங்க?"

"பத்து நாள்கூடத் தாங்கலை. நீ மெசேஜ் அனுப்பினப்பவே போயிடுத்து."

"நோட்டட்னு போட்டியே."

"பின்னே என்னன்னு போடறது?"

 கீழே மெஷின் தாள் தாளாகத் தள்ளிக்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்காதே. பூவைப் பார்த்து எடுத்தாயே, வேரைப் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டேவிட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"பூவைப் பார்த்தா எடுத்தேன்? நீ கரித்துண்டு எடுக்கப் போனப்போ ரெண்டையும் தூக்கி அடியைப் பார்த்தேன். ஒண்ணுல வேர் இருந்தது. இன்னொண்ணுல பேருக்கு நாலு. அதை உங்கிட்ட விட்டா ஒரு வாரத்துல கொன்னுடுவே. எங்கிட்ட இருந்தா ஒருவேளை பொழைக்குமோன்னு தோணித்து. பொழைக்கலை." செடியின் புது இலையை விரல் நுனியால் தொட்டாள். "வேர் இருக்கறதை நீ என்ன பண்ணினாலும் அது தாங்கிக்கும். தெரிஞ்சுதான் விட்டுட்டு வந்தேன்."

கூண்டில் நிற்பவர்கள் எதையாவது பிடித்துக்கொள்வது ஏன் என்று அன்று புரிந்தது. நான் அவளுடைய மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மாதக்கணக்கில் ஒரு பூவுக்காக அவளைத் திட்டியிருக்கிறேன்.

"அந்த அக்கா தம்பி கேஸ் முடிஞ்சுது. நீ எழுதினதுல ஒரு கமா மாத்தல. அன்னைக்கு அவங்க முன்னால நான் பேசினது தப்பு. எல்லாமே தப்பு."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, மலையாளத்தில் பேசினதுதான் ரொம்ப வலித்தது என்றாள். தெரியும் என்றேன். டீ சொல்லட்டுமா என்று கேட்டாள்.

டீ குடிக்கும்போது அந்தக் குட்டி முளையைக் காட்டினேன். அடுத்த வருஷம் அதுவாகப் பிரிந்து வந்தால் கையால் எடுக்கலாம், அதுவரை யாரும் தொடக் கூடாது, கத்தி கூடவே கூடாது என்று அந்தச் செடிக்காரி சொன்னதைச் சொன்னேன். அதுவரை யாரிடம் இருப்பது என்ற கேள்வி வந்தது. பதினாறு வருஷம் பாகம் பிரித்த இரண்டு வக்கீல்களுக்கு அதற்குச் சட்டம் தெரியவில்லை. அவள் எழுந்து காலித் தொட்டியை ஜன்னலிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். அந்த இடத்தில் என் செடியை வைத்தேன். பழக்கத்தில் டம்ளரில் மிஞ்சியிருந்த தண்ணீரை ஊற்றப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள், மறுகை விரலை மண்ணில் விட்டுப் பார்த்தாள்.

"வேண்டாம் வக்கீலே. ஈரம் இருக்கு."

அவள் திரும்பி என் ஆபீஸுக்கு வருவதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுக்கு அங்கே தனியாகக் கட்சிக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். வேலை அவளுக்குப் பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

மழை மறுபடி பிடித்தபோது பொன்முடியிலிருந்து இறங்கி வந்த பஸ்ஸில் ஏறினேன். மடி காலி. தொட்டியின் அடித்தட்டு மட்டும் பையில் தங்கிவிட்டிருந்தது. அதை வருகிற சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வாடகை வழக்கு அடுத்த மாதம்தான் எடுக்கிறார்கள், சனிக்கிழமை எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. இருந்தாலும் போவேன்.